எடுத்துப் போடு

"உமக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ?"

இராசரத்தினம் சேர் நாகலெட்சுமியிடம் இப்படிக் கேட்டு மூன்று மாதமாகிறது. அவளை வேலைக்கு எடுத்த அன்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். மேலும் கீழுமாக ஆட்டினாளா, பக்கவாட்டில் ஆட்டினாளா என்று அவளுக்கே நினைவில்லை. சேர் அதைத் 'தெரியும்' என்று எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். திருத்திச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்று முதல் அந்தத் தலையாட்டல், செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல் மாதிரி அவளோடேயே நடந்துகொண்டிருந்தது.

இங்கிலீஷில் அவளுக்கு எழுத்து தெரியும். இருபத்தாறையும் அச்சுப்போல எழுதுவாள். சேர்த்து வைத்தால் என்ன அர்த்தம் என்பதுதான் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. வகுப்பு சிரித்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டது படிப்பு.

டிக்கோயாக் கடைத்தெருவில் சரிபுதீன் நானாவின் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கணினி நிலையம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் அதை நடத்தியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கணக்குப் படிப்பிக்கும் இராசரத்தினம் சேர்தான் சங்கத்தின் செயலாளர். கொழும்பில் யாரோ கழித்துக் கொடுத்த நாலு கம்பியூட்டர்களில் அவர் லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். நாகலெட்சுமி காலையில் கதவைத் திறக்க வேண்டும், கூட்ட வேண்டும், வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "துடைக்கலாம், அடிக்கக் கூடாது" என்று முதல்நாளே சொல்லிவிட்டார் சேர். கீபோர்டைத்தான் சொன்னார்.

அவள் அடிக்கவில்லை. பார்த்தாள். சேர் கம்பியூட்டரில் கறுப்புச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டும்போது பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, திரையில் வருகிற ஒவ்வொரு எழுத்தையும் மடியில் வைத்த, தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டாள். சேர், வருகிறவர்களின் பெயர் எழுதுகிறாள் என்று நினைத்திருந்தார். அந்தக் கொப்பியில் வேறு விஷயங்களும் இருந்தன. அம்மாவுக்குக்கூடத் தெரியாத விஷயங்கள். அதனால் கொப்பி அவள் கையை விட்டு இறங்காது.

மூன்று மாதத்தில் அவள் கண்டுபிடித்தது இதுதான்: கம்பியூட்டரில் ஒரு சாமான் வேண்டுமென்றால் ஒரு வரி அடிக்க வேண்டும். மிசின் சீடியைக் கேட்கும். போட்டால், அது தானே எடுத்துப் பூட்டிக்கொள்ளும். சாமான் வேண்டாமென்றால் இன்னொரு வரி. அதை அடித்தால் கழற்றி வீசிவிடும். கொப்பியில் முதல் வரிக்குப் பக்கத்தில் 'இது வரும்' என்றும், இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் 'இது போகும்' என்றும் தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பரீட்சார்த்தமாக எடுத்த மூன்று மாதம் அன்றோடு முடிகிறது. காலையில் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டுக் கதவடியில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே அம்மா சொல்லியிருந்தாள்.

"சேர் ஒன்ன வச்சுக்கிறேன்னு இன்னைக்கு வாயால சொல்லணும். சொல்லாட்டி ஞாயித்துக்கெழம அழகம்மாவோட கொழும்புக்குப் போ. அழகம்மாவையே அங்க வரச் சொல்லியிருக்கேன். நீ கேக்க மாட்ட, அவ கேப்பா."

அழகம்மா, தோட்டத்துப் பெண்பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளில் வேலைக்குச் சேர்த்துவிடுகிறவள். போன வருடம் அடுத்த லயத்திலிருந்து ரோகினியைக் கூட்டிக்கொண்டு போனாள். தீபாவளிக்கு வந்த ரோகினி, கேட்டதற்கெல்லாம் சிரித்தாளே தவிர ஒரு விஷயமும் சொல்லவில்லை. திரும்பிப் போகிற அன்று மட்டும் பஸ் வரும்வரை நாகலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஒன்பதரை இருக்கும். கீழேயிருந்து சரிபுதீன் நானா கூப்பிட்டார்.

"புள்ள, போன் வந்தீக்கி. மாஸ்டர், கண்டியிலருந்து. கெதியா வா, அங்க நிமிசத்துக்குக் காசு ஓடுது."

போனில் சேரின் குரலுக்குப் பின்னால் வாகனச் சத்தம்.

"நாகலெட்சுமி, கவனமாய்க் கேளும். பிள்ளையளின்ர பெயர்ப் பட்டியலை இண்டைக்கு நாலு மணிக்கு முன்னம் அச்செடுக்க வேணும். ஆனா அந்த மிசினிலை தமிழ் உடைஞ்சுதான் வருது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பார்த்திருப்பீர்."

"ஆமாங்க சேர்."

"அதுக்குக் காரணம் பாங்கோ எண்ட மென்பொருள் பொதி. மேசையிலை ஒரு சீடி இருக்கு. அதிலை இருக்கிறதை நேற்றே மிசினுக்குச் சொல்லி வச்சிட்டன். நீர் சீடியைப் போட்டிட்டு, பாங்கோவை எடுத்துப் போடும். நான் செய்யிறதை நெடுகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்?"

"ஆமாங்க சேர்."

கடவுச்சொல்லைச் சொன்னார். அவருடைய மகள் மதுராவின் பெயர், எழுத்தெழுத்தாகச் சொன்னார். "விளங்கினதோ? நான் மத்தியான ரயிலிலை வாறன்."

"ஆமாங்க சேர்."

மாடிப்படி ஏறும்போது கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அடிக்கக் கூடாது என்ற சேர் அடிக்கச் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்து வைத்துவிட்டால், வந்ததும் 'இருந்துகொள்ளும்' என்று சொல்லாமலா போவார்?

எடுத்துப் போடு என்றால் என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கப்பிள்ளை கத்துவதை எத்தனை முறை கேட்டிருக்கிறாள். கூடைக்குள் கையை விட்டுக் கிளறிவிட்டு, "முத்தின எலைய எடுத்துப் போடு" என்பார். பெண்கள் முத்தின இலையைப் பொறுக்கி மடுவத்துக்கு வெளியே வீசுவார்கள். தமிழை உடைக்கிற பாங்கோ, முத்தின இலை. எடுத்துப் போட வேண்டியதுதான்.

சீடியைப் போட்டாள். கொப்பியைப் பிரித்து, 'இது போகும்' என்று எழுதிய வரியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கடைசியில் பாங்கோவின் பெயரைப் போட்டாள்.

மிசின் உடனே போக்கவில்லை. திரை நிறைய பெயர்களைக் கொட்டியது. வரி வரியாக, மேலே ஓடிப்போகிற அளவுக்கு. அதன் கீழே ஒரு கேள்வி. கேள்வி முடிகிற இடத்தில் ஒய் பெரிய எழுத்தில், என் சின்ன எழுத்தில். ஒய் என்றால் ஆமா, என் என்றால் இல்லை என்று பார்த்துப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தாள். மிசினும் எல்லாரையும் போலத்தான், ஆமாவைப் பெரிதாக எதிர்பார்த்து, இல்லையைச் சும்மா பேச்சுக்கு ஓரத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறது என்று முன்பே நினைத்திருக்கிறாள்.

சேர் இந்த இடத்தில் யோசிக்க மாட்டார், தட்டிவிடுவார். அவளால் அப்படி முடியவில்லை. திரையில் வந்ததை எழுதாமல் விடுகிற பழக்கம் அவளுக்கில்லை. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக எழுதினாள். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எண்ணிப் பார்த்தாள்: நூற்று அறுபத்து மூன்று. ஒரு பாங்கோவை எடுக்க எதற்கு இத்தனை பெயர்? யாரிடம் கேட்பது? கண்டியிலிருந்து பேசின போனுக்குத் திருப்பி எடுக்க நம்பர் இல்லை. இருந்தாலும் எடுத்திருப்பாளா என்பது வேறு விஷயம்.

ஒய் தட்டினாள்.

எழுத்துகள் ஓடின. நின்றன. படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. இப்படி ஏதாவது செய்தபிறகு சேர் மிசினை அணைத்து, திரும்பப் போடுவார். அவளும் அணைத்துப் போட்டாள்.

மிசின் திரும்பி வந்தபோது படம் இல்லை. நீலம் இல்லை, சின்னச் சின்னப் படங்கள் இல்லை, அம்புக்குறி இல்லை. கறுப்புத் திரையின் மூலையில் ஒரு வரி, அதன் நுனியில் வெள்ளையாகச் சிமிட்டுகிற ஒரு கோடு. மவுஸை அசைத்தாள். இன்னொரு தடவை அணைத்துப் போட்டாள். அதே கறுப்பு.

மற்ற மூன்றில் பிரிண்டர் கிடையாது. பெயர்ப் பட்டியலும் இதற்குள்தான் இருக்கிறது.

"என்னடி, டீவி செத்துப் போச்சா?"

அழகம்மா வாசலில் நின்றாள். குடையை உதறிக் கதவோரம் சாத்திவிட்டு, வருகிறவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கறுப்புத் தோல்பை.

"டீவி இல்லக்கா. கம்பியூட்டர்."

"எல்லாம் ஒன்னுதான். படம் வந்தா நல்லது, வராட்டி தகரம். சேர் எங்க?"

"கண்டிக்குப் போயிருக்காரு. மத்தியானம் வருவாரு."

"வரட்டும். கேட்டுட்டே போறேன். நீ ஒன் வேலையப் பாரு."

நாகலெட்சுமி வேலையைப் பார்த்தாள். கறுப்பில் சேரின் பெயரையும் மதுராவின் பெயரையும் அடித்தாள். மிசின் உள்ளே விட்டது. எது போனதால் இது வந்ததோ, அது திரும்ப வந்தால் இது போகும். அவளுக்குத் தெரிந்த ஒரே கணக்கு அது. ஆனால் சேர் வேண்டாமென்று எடுத்துப் போடச் சொன்ன பாங்கோவை, சேருக்குத் தெரியாமல் திரும்பக் கொண்டுவருவதா? இரண்டு பக்கமும் குற்றம். பெரிய குற்றம் எது என்று யோசித்தாள். கறுப்புத் திரைதான் பெரிதாகத் தெரிந்தது. 'இது வரும்' வரியை அடித்தாள்.

"வெள்ளவத்தையில வீடு" என்றாள் அழகம்மா. "டாக்டர் குடும்பம். வீட்டு நோனா தங்கமான மனுசி. சமையக்கட்டுக்குப் பக்கத்துல ஒனக்குன்னு தனியா ஒரு எடம். கொழும்புல குளுரே இல்ல. சரிதானே?"

"ம்."

"ஒன்னமாதிரி பேசாத புள்ளையத்தான் கேக்குறாங்க. வாயாடிய அனுப்புனா மறு மாசமே பஸ் ஏத்தி விட்டுர்றாங்க. நீ எல்லாத்துக்கும் சரின்னுட்டுப் போற புள்ள. ஒன்னப் பத்தி அங்க நல்லாவே சொல்லி வச்சிருக்கேன். சரிதானேடி?"

"ம்."

பாங்கோ வந்தது. தனியாக வந்தது. போகும்போது நூற்று அறுபத்திரண்டு பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது, வரும்போது ஒருத்தரையும் கூட்டிவரவில்லை. கறுப்பு அப்படியே இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. அழகம்மா பார்க்கிறாள் என்பதால் விழுங்கிக்கொண்டாள். கொப்பியைப் பிரித்து, பட்டியலின் முதல் பெயரை அடித்தாள். வந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நிமிடம். இப்படியே போனால் இருட்டினாலும் முடியாது. சுவரில் மணி பன்னிரண்டேகால்.

எட்டாவது பெயருக்கு வந்தபோது அது நீளமாக, நடுவில் இலக்கமெல்லாம் வைத்து, கண்ணைக் கட்டியது. கை ஓய்ந்துபோய், பக்கத்தில் ஏதாவது சின்னப் பெயர் இருக்கிறதா என்று தேடினாள். ஐந்தே எழுத்தில் ஒன்று இருந்தது. ஜி-யில் தொடங்கியது. அதை அடித்தாள்.

திரை மறுபடியும் கொட்டியது. அதே பெயர்கள். கொப்பியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருக்கிறது, இருக்கிறது, இதுவும் இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒருத்தருக்குச் சொன்னால் லயமே கிளம்பி வருகிற மாதிரி, இந்த ஐந்தெழுத்துக்காரருக்குச் சொன்னதும் ஏறக்குறைய எல்லாரும் புறப்பட்டு நின்றார்கள். கீழே அந்தக் கேள்வி. இந்தத் தடவை அவள் ஒய்யை அழுத்தியபோது விரல் வலித்தது.

மிசின் சீடி கேட்டது. சேரின் அலமாரியில் இருந்த அடுக்கிலிருந்து ஒன்றாம் இலக்கத்தைப் போட்டாள். பாதியில் இரண்டாம் இலக்கத்தைக் கேட்டது. இரண்டாம் இலக்கம் அடுக்கில் இல்லை. ஒன்று, மூன்று, நாலு. அலமாரியைக் கவிழ்த்தாள், மேசை லாச்சியைக் கவிழ்த்தாள், குப்பைக் கூடையைக்கூடக் கவிழ்த்தாள்.

"என்னாடி தேடுற, தோடு கீடு விழுந்திருச்சா?"

நாகலெட்சுமி படியிறங்கி ஓடினாள். கடையில் சரிபுதீன் நானா பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார்.

"நானா, மேல இருந்து ஒரு சீடி... வட்டமா..."

"வட்டமாவா?" நானா கையிலிருந்த கிளாஸைத் தூக்கினார். கல்லா மேசையில், கிளாஸ் இருந்த இடத்தில், சேரின் கையெழுத்தில் இரண்டு என்று எழுதிய சீடி மினுங்கியது. "மாஸ்டர் அண்டைக்கு இங்கன வச்சிட்டுப் போனாரு. கிளாஸ் வைக்க நல்லா ஈந்திச்சு. ஏன் புள்ள, பெறுமதியானதா?"

பாவாடையில் துடைத்துக்கொண்டே மேலே ஓடினாள். தேத்தண்ணி வட்டம் காய்ந்து ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போட்டாள். மிசின் உறுமியது, தயங்கியது, மறுபடி உறுமியது. பிறகு எழுத்துகள் ஓடத் தொடங்கின.

ஓடிக்கொண்டிருக்கும்போதே படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

இராசரத்தினம் சேர் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தார். நாற்காலியில் இருந்த அழகம்மாவைப் பார்த்தார், கறுப்புத் திரையைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த லாச்சியைப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்கை?"

நாகலெட்சுமி எழுந்து நின்றாள். தொண்டை அடைத்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பில் அடைத்த அதே இடத்தில். மிசின் மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே பாங்கோவ எடுத்துப் போட்டேங்க சேர்" என்றாள் கடைசியில். "எடுத்துப் போட்டதும் எல்லாமே போயிருச்சு. அதான் திரும்ப எல்லாத்தையும்..."

"எடுத்துப் போட்டா ஏன் போகுது? போட்டா வரவெல்லோ வேணும்."

"எடுத்துப் போடுறதுன்னா வீசுறதுதானேங்க."

சேர் அவளையே பார்த்தார். "பிள்ளைக்குச் சட்டையை எடுத்துப் போடு எண்டா, கழட்டி வீசுறதோ?"

"முத்தின எலைய எடுத்துப் போடுன்னா வீசுறதுதாங்க சேர்" என்றாள் அழகம்மா நாற்காலியில் இருந்தபடியே. "இதுக்குத்தான் சொல்றது, யாழ்ப்பாணத்து ஆளுங்க பேச்சுக்கு ஒரு ஆள் நின்னு வெளங்கப்படுத்தணும்னு."

சேர் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றாமல் அவள் இடத்தில் உட்கார்ந்தார். ஓடுகிற பெயர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எது எது போனதெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சேர் கையை நீட்டினார். கொடுத்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவாரோ. கொடுக்காவிட்டால் திருட்டு வேலை என்று நினைப்பார். பட்டியல் இருந்த பக்கத்தில் விரலை வைத்து, அந்த இடம் மட்டும் திறந்திருக்கும்படி நீட்டினாள். சேர் வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"ஒரு எழுத்தும் பிழையில்லை. இதுகளின்ர கருத்தும் தெரியுமோ?"

"தெரியாதுங்க. எழுத்து மட்டும்தான் தெரியும். வேலைக்கு எடுத்த அன்னைக்கு நீங்க கேட்டதுக்குத் தலையாட்டுனது... பொய்ங்க சேர்."

சேர் கொப்பியை மூடித் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் கோபமா, களைப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"விளங்காட்டி ஒரு சொல்லு கேட்டிருக்கலாம். மூண்டு தரம் ஆமாங்க எண்டீர்."

"பயமா இருந்திச்சுங்க."

எழுத்துகள் நின்றன. சேர் மிசினை அணைத்துப் போட்டார். மூன்று பேரும் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து, கறுப்பு நீலமானது. சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. சேர் பெயர்ப் பட்டியலைத் திறந்தார். கொம்பும் எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய பாங்கோவுக்குப் பதிலாகப் புதுச் சீடியில் இருந்த பாங்கோதான் வந்திருக்கிறது என்று சேர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அச்சுக்குக் கொடுத்தார். பிரிண்டர் இழுக்கத் தொடங்கியது.

அழகம்மா எழுந்தாள்.

"சேர், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. இந்தப் புள்ளைய நிரந்தரமா வச்சுக்குவீங்களா, மாட்டீங்களா? இவங்கம்மா கேட்டு வரச் சொன்னாங்க."

சேர் திரும்பாமலே சொன்னார். "அதை நான் தனியச் சொல்லேலாது அம்மா. சங்கக் கூட்டம் வாற மாதம்தான். இண்டைக்கு நடந்ததையும் அங்கை சொல்லத்தான் வேணும். மறைக்க மாட்டன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுவரைக்கும் வரலாம். அதுக்கு மேலை நான் ஒரு வாக்கும் தரேலாது" என்றார்.

"அப்ப ஒன்னும் இல்லேன்னுதானே அர்த்தம்." அழகம்மா பையின் வாரைத் தோளில் மாட்டினாள். நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினாள். குரல் இளகி, வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி ஆனது. "ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணி பஸ். ரெண்டு சோடி துணி போதும், மிச்சத்த அங்க தருவாங்க. வாசல்ல ரெடியா நில்லு. சரிதானே?"

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பிவிட்டு அடுத்ததை இழுத்தது. நாகலெட்சுமிக்கு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. இன்று மாலை கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த முகம் என்ன கேட்கும் என்பதும். சொல்வதற்கு வாற மாதக் கூட்டம் இருக்கிறது. அதில் தன்னைப் பற்றிச் சொல்லப்போகிற குற்றம் இருக்கிறது.

"இல்லக்கா" என்றாள்.

"என்னாடி?"

"நான் வரலக்கா."

சத்தம் குறைவாகத்தான் வந்தது. ஆனால் சேர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

அழகம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். இதற்கு முன் இந்தப் பிள்ளையைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பதுபோலப் பார்த்தாள். கதவோரம் சாத்தியிருந்த குடையை எடுத்தாள். பிறகு மரப்படியில் அவளுடைய செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போனது.